ஒரே ஒரு சிவப்புப் புள்ளி

ஒரகடத்தில் கார்க் கதவுகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் 2013ஆம் ஆண்டு புதிய துறை ஒன்று பிறந்தது. கையடக்கச் சாதனங்கள் ஆளுமைத் துறை என்று அதற்குப் பெயர். ஊழியர்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரியும் செல்போன்களை ஆள்வது அதன் வேலை. கதவு அடிக்கிற பிரஸ் ஷாப் மின்விசிறி கேட்டுப் பல கோடைகளாகக் காத்திருந்தது. போனை ஆளுகிற துறைக்கு ஏசியும் கண்ணாடிச் சுவரும் சுழல்நாற்காலிகளும் ஒரே மாதத்தில் வந்து இறங்கின.

துறையின் தலைவர் துணைப் பொது மேலாளர் திரு. தளவாய். அவர் அறையில் சுவரின் அகலத்துக்கு ஒரு திரை மாட்டியிருந்தது. கம்பெனியில் உள்ள ஒவ்வொருவரின் போனும் அந்தத் திரையில் ஒரு புள்ளி. 'கவசம்' என்கிற கம்பெனிச் செயலியை ஏற்றிக்கொண்ட போன் பச்சை, ஏற்றாத போன் சிவப்பு. கவசம் ஏறிய போனில் கேமரா திறக்காது, பாட்டுப் பாடாது, கம்பெனி அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வராது. போன் தொலைந்துபோனால் தளவாய் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடுவார். தொலையாவிட்டாலும் அழிக்கலாம், அதற்கும் விதியில் இடம் இருந்தது.

கதவின் ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்பதுதான் இத்தனைக்கும் காரணம். அந்தக் கதவு மாட்டிய கார்கள் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் பகல் முழுக்க எல்லாருடைய கண் முன்னாலும் ஓடிக்கொண்டிருந்தன.

அடுத்த பொங்கலுக்குள் திரை முழுக்கப் பச்சையாகிவிட்டது. ஒரு மூலையில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி அசையாமல் நின்றது. தளவாய் அதைப் பார்த்துப் பார்த்துச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று துறையில் பேசிக்கொண்டார்கள். அந்தப் புள்ளி, ஆம்புலன்ஸ் டிரைவர் ரகுபதி.

ரகுபதிக்குச் சொந்த ஊரே வல்லக்கோட்டை. வீட்டு மாடியில் இரண்டு அறை எழுப்பி, தெற்கிலிருந்து வேலைக்கு வந்த பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவர்களில் ஒருத்தி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த தங்கமாரி. இதே கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் வேலை. ரகுபதியின் மனைவி கலைமணிக்கு அவள்மேல் பிரியம். குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மாடிக்குப் போய்விடும்.

ரகுபதியிடம் இருந்தது ஒரு பட்டன் போன். பேசலாம், மணி பார்க்கலாம், இருட்டில் டார்ச் அடிக்கலாம். பின்பக்க மூடி நிற்காததால் ரப்பர் பேண்டு போட்டிருந்தார். முதலுதவி அறையிலிருந்து நர்ஸ் செங்கமலம் கூப்பிட்டால், அவள் ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வண்டி வாசலில் நிற்கும். பல வருடமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அதில் ஒரு குறை இருப்பதாக அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

துறையிலிருந்து அழைப்பு வந்தது. ரகுபதி செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார். உதவி மேலாளர் சுபஸ்ரீ போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தளவாயிடம் நீட்டினாள்.

"இதுல கவசம் ஏறாது சார்."

"ஏன் ஏறாது?"

"ஏத்த இடமே இல்ல சார். பட்டன் போன்."

தளவாய் ரகுபதியைப் பார்த்தார். "கேமரா இருக்கா?"

"இல்ல சார்."

"இன்டர்நெட்?"

"அதுவும் கெடியாது சார். ஒண்ணுமே இல்ல சார் இதுல." இதைக் கேட்டால் பெரியவர் சந்தோஷப்படுவார் என்று ரகுபதி நினைத்தார்.

"அதான் பிரச்சினையே," என்றார் தளவாய். "கேமரா உள்ள போன்ல நாங்க கேமராவ மூடுறோம். அது செக்யூரிட்டி. உங்க போன்ல மூடுறதுக்கு என்ன இருக்கு? மூடலைன்னா சிஸ்டம் அதைத் திறந்திருக்குன்னுதான் எடுத்துக்கும்."

ரகுபதி கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப கேமரா கீற போனா ஒண்ணு வாங்கி, அத்த மூடணுமா சார்?"

"எக்ஸாக்ட்லி," என்றார் தளவாய். இந்தத் துறையை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டவர் வேறு யாரும் இல்லை என்று பாராட்டவும் செய்தார்.

கம்பெனியே ஒரு புதுப் போனைக் கொடுத்தது. மனிதவளத் துறை கைதட்ட, தளவாய் அதை ரகுபதியின் கையில் வைத்தார். போட்டோ எடுக்க வாலாஜாபாத்திலிருந்து ஸ்டுடியோக்காரரை வரவழைக்க வேண்டியிருந்தது. அங்கே நின்ற ஒருவருடைய போனிலும் கேமரா வேலை செய்யவில்லை. பிறகு சுபஸ்ரீ அந்தப் போனில் ஒவ்வொன்றாக மூடினாள். கேமராவின் மேல் கிழித்தால் தெரிகிற ஸ்டிக்கர் ஒட்டினாள். கேமராவுக்குப் பக்கத்தில் இருந்த குற்றத்துக்காக டார்ச்சையும் மூடினாள். எல்லாம் மூடி முடித்தபோது அந்தப் போன், டார்ச் இல்லாத பட்டன் போனாக இருந்தது. திரையில் சிவப்புப் புள்ளி பச்சையானது. தளவாய் அன்று மத்தியானம் இரண்டு தடவை தயிர்சாதம் வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் செங்கமலம் கூப்பிட்டாள். மணி அடிக்கவில்லை. கேன்டீனில் மயங்கி விழுந்த ஒருவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து, ஆம்புலன்ஸ் கதவைத் தட்டி ரகுபதியிடம் தகவல் சொன்னார்கள்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்ததும் ரகுபதி துறைக்கு ஓடினார். சுபஸ்ரீ திரையில் தேடிவிட்டுச் சொன்னாள், "ஆம்புலன்ஸ் ஷெட்ல போன் தூங்கிடுது. மேப்ல அந்த ஷெட் கம்பெனிக்கு வெளியே இருக்கு."

"கேட்டுக்கு உள்ளதானம்மா கீது? பிரஸ் ஷாப்பாண்ட. டெய்லி நான் அங்கதான குந்திக்கினு கீறேன்?"

"நிலத்துல உள்ளே இருக்கலாம்," என்று தளவாய் குறுக்கிட்டார். "சிஸ்டத்துல வெளியே."

"மேப்ல அந்த எல்லைக் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா போதும் சார்," என்றாள் சுபஸ்ரீ மெதுவாக.

"கோட்டை நகர்த்த ஹெட் ஆபீஸ் அப்ரூவல் வேணும். ஆம்புலன்ஸை நகர்த்தச் சாவி போதும்."

ஆம்புலன்ஸ் நகர்ந்தது. நிர்வாகக் கட்டடத்துக்குப் பின்னால், பெரியவர்களின் கார்களுக்கு நடுவில் அதற்கு இடம் கிடைத்தது. பிரஸ் ஷாப்புக்கு அங்கிருந்து கம்பெனியையே சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆனால் போன் விழித்திருந்தது. விழித்திருந்தும் செங்கமலத்தின் அழைப்பு வரவில்லை. முதலுதவி அறையில் இருந்தது சுவரில் கம்பி போட்ட தரைவழி போன். அதில் கவசம் இல்லை. கவசம் இல்லாத எண்ணை ரகுபதியின் போன் மதிக்காது.

செங்கமலம் ஒப்பந்த நர்ஸ். அவளுடைய சொந்தப் போன் தினமும் கேட்டிலேயே பூட்டி வைக்கப்படும். அவள் நேரே தளவாயிடம் போனாள். "சார், வயர் போன்ல கவசம் போட்டுக் குடுத்துடுங்க. இல்ல, என் போனையாவது உள்ள விடுங்க. ஆளு அடிபட்டா நான் யாரைக் கூப்பிடுறது?"

தளவாய் அவளை உட்காரச் சொன்னார். அவருக்கு மருத்துவத்தின்மேல் மரியாதை உண்டு. "வயர் இருந்தா அது கையடக்கம் இல்ல சிஸ்டர். எங்க துறைக்குள்ள வராது. நீங்க கான்ட்ராக்ட், நீங்களும் வர மாட்டீங்க. உங்களுக்காகத்தான் ஹெல்ப் டெஸ்க்கைத் தமிழ்லயே போட்டிருக்கோம். கம்ப்யூட்டர்ல டிக்கெட்னு ஒரு புகார் போடுங்க. அதைப் பாத்து ஹெல்ப் டெஸ்க் ரகுபதிக்குச் சொல்லும்."

"எவ்ளோ நேரத்துல சொல்லும்?"

"எம்.டி. போன்ல மெயில் திறக்கலைன்னா முதல் வரிசை. டேட்டா வெளியே போனா ரெண்டாவது வரிசை. அடிபடுறதுல டேட்டா எதுவும் வெளியே போறதில்லையே. அது மூணாவது வரிசை."

இதற்குப் பிறகு ரகுபதி ஒரு காரியம் செய்தார். பட்டன் போனை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்கு வர ஆரம்பித்தார். செங்கமலம் பழைய எண்ணுக்கே கூப்பிட்டாள். வண்டியும் பழையபடி வந்தது. யாருக்கும் தெரியாமல் அந்தக் கம்பெனி சில வாரங்கள் நன்றாக நடந்தது.

மும்பையிலிருந்து தணிக்கைக் குழு வரப்போகிற வாரம் கேட்டில் சோதனை கடுமையானது. ரகுபதியின் இடுப்பில் இருந்தது அகப்பட்டுக்கொண்டது. பாம்பைப் பிடித்தவன் போலக் காவலாளி அதைத் துணிப்பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினான். தளவாய் கோபப்படவே இல்லை. அவர் முகம் மலர்ந்தது. தணிக்கைக் குழுவுக்குக் காட்டத் துறையிடம் திரையையும் பச்சைப் புள்ளிகளையும் தவிர எதுவும் இல்லை என்று அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

குழுவை வரவேற்கும் விழா அன்று பயிற்சிக் கூடத்தின் மேடையில் பூப்போட்ட துணி விரித்த மேஜை. அதன்மேல் கேக் மூடுகிற கண்ணாடிக் கூடு. கூட்டுக்குள் ரப்பர் பேண்டுடன் ரகுபதியின் போன். 'ஆளப்படாத கடைசிச் சாதனம்' என்று கீழே எழுதியிருந்தது. அதை அணைத்து வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. திருந்திய ஊழியர் என்று காட்டுவதற்காக ரகுபதியை முதல் வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள்.

தளவாய் பேசினார். "ஒரு காலத்துல இங்கே யார் வேணும்னாலும் யாரை வேணும்னாலும் கூப்பிடலாம்கிற நிலைமை இருந்தது. நினைச்சாலே பயமா இருக்கு. இன்னைக்கு நம்ம அனுமதி இல்லாம ஒரு குரல் கூட உள்ளே வர முடியாது. வெளியே போகவும் முடியாது. ஒரு ஊழியருக்கு ஆபத்துன்னாக்கூட, அந்தத் தகவல் கட்டுப்பாடான முறையிலதான் போகும். அதுதான் எங்க சாதனை."

தணிக்கைக் குழு கைதட்டியது.

அவர் பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பிரஸ் ஷாப்பில் தங்கமாரியின் வலதுகை ஆள்காட்டி விரல் அச்சுக்குள் போனது. பக்கத்தில் நின்றவர்கள் துணியைச் சுற்றி அவளை முதலுதவி அறைக்குத் தூக்கி வந்தார்கள். அவள் அழவில்லை. கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அக்கா, வெரல் உள்ளயே நின்னுட்டு," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

செங்கமலம் காயத்தை இறுக்கிக் கட்டிவிட்டுக் கம்ப்யூட்டரில் டிக்கெட் போட்டாள். என்ன பிரச்சினை என்று அது கேட்டது. திரை உடைந்தது, கடவுச்சொல் மறந்தது, துண்டிப்பு, இதர என்று நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. அவள் துண்டிப்பை அழுத்தினாள். உடனே பதில் வந்தது: 'வருந்துகிறோம். அணைத்துவிட்டு மீண்டும் இயக்கிப் பார்க்கவும்.'

செங்கமலம் ஒருகணம் அதையே பார்த்தாள். பிறகு தரைவழி போனை எடுத்து, விரல் பழகிய பழைய எண்ணை அடித்தாள்.

மேடையில் கண்ணாடிக் கூட்டுக்குள் போன் அலறியது. ஏதோ சாமி பாட்டு. தளவாய் பேச்சை நிறுத்தினார். இதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துத் தணிக்கைக் குழு சிரித்தது. ரகுபதி எழுந்தார்.

"உட்காருங்க ரகுபதி," என்றார் தளவாய் மைக்கில்.

"ஃபர்ஸ்ட் எய்டு ரூம் சார் அது."

"அது சீஸ் பண்ண டிவைஸ். எடுத்தீங்கன்னா வயலேஷன். ஆடிட்டர்ஸ் இருக்காங்க."

ரகுபதி மேடையேறிக் கூட்டைத் தூக்கினார். "சொல்லு சிஸ்டர்," என்றார். கேட்டார். போனை மேஜைமேல் போட்டுவிட்டு ஓடினார். தளவாய் கண்ணாடிக் கூட்டை எடுத்துப் பழையபடி அதன்மேல் கவிழ்த்தார். "இதைத்தான் சொல்ல வந்தேன்," என்று தொடர்ந்தார். "ஆளப்படாத ஒரே ஒரு சாதனம், ஒரு கூட்டத்தையே எப்படிக் கெடுக்குது பாருங்க."

ஆம்புலன்ஸை மறித்து நின்றது தணிக்கைக் குழுவின் கார். அதன் டிரைவர் சாப்பிடப் போயிருந்தான். ரகுபதி பூச்செடிகளின் மேல் வண்டியை ஏற்றி வெளியே எடுத்தார்.

தண்டலத்துப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார், "விரல் எங்கே? கொண்டு வரலையா?"

"பிரஸ்ஸுல மாட்டிக்கினு கீது சார்."

"சுத்தமா அறுபட்டிருக்கு. ஐஸ்ல வெச்சுக் கொண்டு வந்தா ஒட்டவெச்சுப் பாக்கலாம். சீக்கிரம் சொல்லுங்க."

ரகுபதி புதுப் போனை எடுத்தார். 'நீங்கள் அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள். பாதுகாப்பாக இருங்கள்' என்று எழுதிக் காட்டிவிட்டு அது தூங்கிவிட்டது. கூட வந்த செங்கமலத்தின் போன் கம்பெனி கேட்டில் பூட்டிக் கிடந்தது. வராந்தாவில் நின்ற ஒரு பெண்ணிடம் போன் வாங்கிக் கம்பெனி எண்ணுக்கு அடித்தார் ரகுபதி. எடுத்தவன், பதிவான எண்ணிலிருந்து கூப்பிடும்படி மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தான். மறுபடி அடித்தபோது மறுபடியும் மரியாதையாகச் சொன்னான்.

"நீ பொண்ணாண்ட இரு," என்று செங்கமலத்திடம் சொல்லிவிட்டு ரகுபதி வண்டியைத் திருப்பினார். வழியில் கடையில் ஐஸ் வாங்கிச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டார்.

பிரஸ் ஷாப் பளிச்சென்று இருந்தது. தரை கழுவி விட்டிருந்தார்கள். லைன் ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் யாக்கோபு ரகுபதியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"யாக்கோபு, வெரல் இன்னாச்சு?"

"நான் எடுத்து வெக்கத்தான்யா சொன்னேன். ஆடிட்டருங்க சுத்திப் பாக்க வர்றாங்க, லைன் நிக்கக் கூடாதுன்னு மேலேருந்து சொல்லிட்டாங்க. காத்தடிச்சு சுத்தம் பண்ணிட்டானுங்க."

"வெரல் எங்கய்யா?"

யாக்கோபு கீழே காட்டினார். பிரஸ்ஸுக்கு அடியில் ஓடும் பட்டை, வெட்டுத்துண்டுகளை எல்லாம் கொண்டுபோய்க் குழியில் கொட்டிக்கொண்டிருந்தது.

ரகுபதி டப்பாவைக் கரையில் வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார். எண்ணெய் வழியும் தகட்டுத் துண்டுகள் முழங்கால் வரை கிடந்தன. வெளிச்சம் இல்லை. புதுப் போனில் டார்ச்சைத் தட்டினார். அது அனுமதி இல்லை என்றது. கையால் துழாவினார். தகடு கையைக் கிழித்தது. மேலே இருந்து புதிய துண்டுகள் சலசலவென்று விழுந்துகொண்டே இருந்தன. "நிறுத்துங்கய்யா, கொஞ்சம் நிறுத்துங்க!" என்று கத்தினார். பிரஸ் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மேலே நடைபாதையில் தணிக்கைக் குழு போனது. ஒருவர் எட்டிப் பார்த்து அது என்ன என்று கேட்டார். "ஸ்கிராப் மேனேஜ்மென்ட்," என்றார் தளவாய்.

கரையில் ஐஸ் உருகித் தண்ணீராகும்வரை ரகுபதி தேடினார். கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் விசாரணை நடந்தது. விரல் எப்படிப் போனது என்பதை விசாரிக்க வேறு துறை இருந்தது. அது இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறது. இது ரகுபதி கண்ணாடிக் கூட்டைத் தூக்கியதைப் பற்றிய விசாரணை.

"நீங்க அன்னைக்கு அந்தப் போனை எடுத்திருக்காட்டி என்ன ஆகியிருக்கும்?" என்று தளவாய் கேட்டார்.

"பொண்ணு ரத்தம் போயே செத்துருக்கும் சார்."

"டிக்கெட் போயிருக்கும். மூணாவது வரிசையில இருந்தது. சாயங்காலம் ஹெல்ப் டெஸ்க் அதைப் பாத்து முறைப்படி குளோஸ் பண்ணியிருக்கு. அதாவது சிஸ்டம் வேலை செஞ்சிருக்கு. நீங்கதான் அதுக்குள்ள அவசரப்பட்டுட்டீங்க."

ரகுபதி தன் கையில் இருந்த கட்டுகளைப் பார்த்தார். "இன்னா சார் ஜனங்க நீங்க?" என்றார். கோபமாகக்கூட இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். சுபஸ்ரீ எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள்.

அவர் கேட்ட கேள்வி ஒழுங்கீனம் என்று குறிக்கப்பட்டது. வேலை போயிற்று. வீட்டில் கலைமணி, "போனா போவுது வுடு. மொதல்ல அந்தப் பொண்ணுக்குக் கஞ்சி எட்த்துக்கினு போ," என்றாள். ஒரு மாதத்தில் தண்டலத்தில் ஒரு காலேஜ் பஸ்ஸுக்கு டிரைவராகிவிட்டார் ரகுபதி. கம்பெனியில் டிரைவர் இல்லாத ஆம்புலன்ஸ் கார்களுக்கு நடுவில் நின்றது. அது அங்கே நின்று நிழல் தந்ததால் வெயிலில் காரின் நிறம் மங்கவில்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். துறைக்கு அந்த ஆண்டின் சிறந்த துறைக்கான கேடயம் கிடைத்தது.

மேலும் சில மாதங்கள் கழித்து, காயம் ஆறித் தங்கமாரி வேலைக்குத் திரும்பினாள். கலைமணி கூடவே கேட் வரை வந்து விட்டுவிட்டுப் போனாள். உள்ளே போகும்முன் துறைக்குப் போய்வரச் சொன்னார்கள். கவசத்தில் புதிய பதிப்பு வந்திருந்தது. கடவுச்சொல்லை ஊழியர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிவிடுகிறார்கள் என்பதால் இனி எல்லாருக்கும் கைரேகை. வலதுகை ஆள்காட்டி விரல்.

தங்கமாரி கையை மேஜைமேல் வைத்தாள். சுபஸ்ரீ கைரேகைக் கருவியைத் தள்ளி வைத்துவிட்டு, "சார், இவங்களுக்கு வேற விரல் போட்டுக்கலாமா?" என்று கேட்டாள்.

தளவாய் நாற்காலியைத் திருப்பித் திரையைப் பார்த்தார். இத்தனை நாள் பச்சையாக இருந்த அதன் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி புதிதாக முளைத்திருந்தது. அவர் முகத்தில் நிஜமான வேதனை தெரிந்தது.

"விதியில ஆள்காட்டி விரல்னு தெளிவா இருக்கே. ஏம்மா, ரெக்கார்டுல உனக்குப் பத்து விரல்னு இருக்கு. ஒரு விரலைக் காணோம்னா டிபார்ட்மென்ட்டுக்குச் சொல்ல வேண்டாமா? எங்கே அது?"

தங்கமாரி அவரைப் பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை.

"அது வேலைய விட்டுட்டுப் போவல சார். ஒங்க ஸ்கிராப் குழிக்குள்ளதான் எங்கயாச்சும் கெடக்கும். நான் ஆஸ்பத்திரில கெடந்த நாளெல்லாம் ஒரு லீவு எடுக்காம ராப்பகலா இங்ஙனயே கெடந்துருக்கு. நீங்கதான எல்லாத்தையும் ஒக்காந்த எடத்துலயே ஆளுதிய. கூப்புட்டுப் பாருங்க, வரும்."

சுபஸ்ரீ கருவியின் கம்பியைப் பிடுங்கி மேஜைமேல் போட்டாள்.

தளவாய் நெடுநேரம் யோசித்தார். பிறகு, அடிக்க வேறு யாரும் முன்வராததால் தானே கீபோர்டை இழுத்து, அந்தப் பெயருக்கு நேராக 'விரல் நிலுவையில்' என்று அடித்தார். புள்ளி மஞ்சளாயிற்று. மஞ்சளைச் சிவப்பில் சேர்க்க வேண்டியதில்லை. அவர் நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.